பழைய மொபெட் மக்கர் செய்கிறதா?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கிராமத்துத் தெருக்களில் விடியற்காலையில் ஒரு சத்தம் தவறாமல் கேட்கும். மொபெட்டின் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துபோகிற சத்தம் அது. கறந்த பால் கேனில் தயாராக இருக்கிறது. சங்கத்தில் பால் அளக்கும் நேரம் நெருங்குகிறது. வண்டியோ ஒரு முறை உறுமிவிட்டு அடங்கிப்போகிறது. ஒரு வேளைப் பால் தங்கினால் திரிந்து வீணாகும். நடவு நாளில் நாற்றுக் கட்டு வயலுக்குப் போய்ச் சேராவிட்டால் கூலி கொடுத்து வைத்த ஆட்கள் வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். மெக்கானிக்கோ டவுனில் இருக்கிறார். ஒன்பது மணிக்கு முன்னால் கடை திறக்க மாட்டார்.

இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவற்றை ஒரு பிளக் ஸ்பானரும் ஒரு திருப்புளியும் கொண்டு வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்ற வரிசை தெரிந்திருக்க வேண்டும்; அவ்வளவுதான். வரிசை தெரியாமல் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள்தாம் நல்ல வண்டியையும் கெடுத்துவிடுகிறார்கள்.

1980ஆம் ஆண்டு ஓசூரில் தயாராகி வெளிவந்த டி.வி.எஸ். 50, அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டிகள், லூனா, பஜாஜ் எம்-80 ஆகியவை தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு வண்டிமாடு போலவே உழைத்திருக்கின்றன. புல்லுக் கட்டு, பால் கேன், உர மூட்டை, பம்புசெட் மோட்டார் எல்லாம் இவற்றின் முதுகில்தான் போயின. 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி அமுலுக்கு வந்தபோது கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. இருந்தாலும் பழைய இரண்டு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வண்டிகள் கிராமங்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றை வைத்திருப்பவர்களுக்காக. முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும். அதிலுள்ள எஞ்சினும் பெரும்பாலும் இதே ஜாதிதான்.

மூன்று இருந்தால் எஞ்சின் ஓடும்

பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் கலந்து உள்ளே போக வேண்டும். அந்தக் கலவை சிலிண்டருக்குள் நன்றாக அமுக்கப்பட வேண்டும். உரிய நேரத்தில் பிளக்கில் நெருப்புப் பொறி விழ வேண்டும். இம்மூன்றும் இருந்தால் எஞ்சின் ஓடியே தீரும். ஓடவில்லையென்றால் இந்த மூன்றில் ஒன்று குறைகிறது. எது என்று கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் இன்னொரு விசேஷம் உண்டு. கார்புரேட்டரிலிருந்து வரும் கலவை நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் முதலில் வந்து, அங்கிருந்து மேலே ஏறுகிறது. அந்தக் கலவையில் கரைந்துள்ள ஆயில்தான் கிராங்க் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கிறது. தனி ஆயில் அறை கிடையாது. ஆகவே பெட்ரோல் வழியில் கோளாறு வந்தால் எண்ணெய் போடுவதும் கெட்டுப்போகிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் வெறும் தொந்தரவாக இருக்கும் விஷயம் இரண்டு ஸ்ட்ரோக்கில் பிஸ்டனையே கடித்து நிறுத்திவிடுவது இதனால்தான்.

ஸ்பானரைத் தொடுமுன்

டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். வண்டியை ஆட்டிக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது. பெட்ரோல் டேப் ரிசர்வில் இருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகத் திருகி வைத்திருப்பார்கள். சுவிட்சும் அப்படியே. குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் வேண்டும். சூடாயிருக்கும் எஞ்சினுக்குச் சோக் போட்டு உதைத்தால் பெட்ரோல் அதிகமாகி அடைத்துக்கொள்ளும்.

டாங்கி மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் குண்டூசி நுழையும் அளவுக்குக் காற்றுத் துவாரம் ஒன்று உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். சாணமும் புழுதியும் உரத்தூளும் சேர்ந்து அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டால் பெட்ரோல் இறங்காது. மழைக்காக மூடியின் மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டி வைப்பவர்களுக்கும் இதே கதிதான். வண்டி கிளம்பும், இரண்டு மூன்று கிலோமீட்டர் ஒழுங்காக ஓடும், பிறகு மெல்ல மெல்ல இழுவை குறைந்து நிற்கும். பீடி பிடிக்கும் நேரம் நிறுத்திவிட்டு உதைத்தால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். இப்படி நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, அடுத்த உதையில் வண்டி கிளம்பினால் குற்றவாளி மூடிதான். துவாரத்தை ஊசியால் குத்திச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் போதும். செலவு ஒன்றுமில்லை. இந்தக் கோளாறுக்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இழுவை இல்லை என்ற புகாராக இருந்தால் எஞ்சினைத் தொடுமுன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் இறுக்கமாகச் சுற்றினால் எஞ்சின் மேல் பழி போடுவது நியாயமல்ல. டயரில் காற்று, செயின் தொய்வு இரண்டையும் பார்த்துவிடுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் கூடி வண்டி நகர மறுத்தால் அது கிளட்ச் லைனிங் தேய்ந்ததன் அடையாளம்.

பிளக் சொல்லும் சேதி

இவையெல்லாம் சரியாக இருந்தும் கிளம்பவில்லையென்றால் ஐந்தாறு முறை உதைத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் மண் சிலிண்டருக்குள் விழும். இப்போது பிளக்கின் முனை ஈரமாக இருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு கேள்விதான் பாதையை இரண்டாகப் பிரிக்கிறது. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிதமிஞ்சி வந்துவிட்டது.

பொறியைச் சோதிக்கப் பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினின் வெறும் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து உதைக்க வேண்டும். பளிச்சென்று நீலமாகப் பொறி விழுந்தால் நல்லது. மஞ்சளாக, நூல் போலச் சோர்ந்து விழுந்தால் போதாது. இதைச் செய்யும்போது பிளக் துவாரத்திலிருந்து பிளக் தள்ளியே இருக்கட்டும். துவாரம் வழியே வெளிவரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றிக்கொள்ளும். வைக்கோல் போருக்கு அருகிலோ, பெட்ரோல் சிந்திய இடத்திலோ இந்தச் சோதனை கூடவே கூடாது. பிளக்கை உலோகத்தில் படாமல் தொங்கவிட்டு உதைப்பதும் தவறு. மின்னணு முறையில் பொறி கொடுக்கும் வண்டிகளில் அந்தப் பெட்டியே பழுதாகிவிட இடமுண்டு.

பொறி இல்லையா? இரண்டு ஸ்ட்ரோக்கில் அடிக்கடி நடப்பது, பிளக்கின் இரு முனைகளுக்கும் நடுவே மயிர் போல ஒரு கரித் துணுக்கு பாலம் கட்டிக்கொள்வது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நகத்தாலோ குச்சியாலோ எடுத்துவிட்டால் அந்தக் கணமே வண்டி கிளம்பும். கரியையும் எண்ணெயையும் பெட்ரோலில் கழுவிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைக்க வேண்டும். முனைகளின் இடைவெளி ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். அளவுத் தகடு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடின் கனம் கிட்டத்தட்ட அதேதான். பிளேடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. பீங்கானில் கீறல் விழுந்த பிளக்கைத் தூக்கி எறிந்துவிடுங்கள். சுத்தம் செய்து பயனில்லை.

புதுப் பிளக் போட்டும் பொறி வராவிட்டால் தொப்பியையும் ஒயரையும் பாருங்கள். மழையில் தொப்பிக்குள் நீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும். ஒயரின் நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் பல சமயம் சரியாகிவிடும். மாட்டுக் கொட்டகையிலும் உர மூட்டை அடுக்கிய இடத்திலும் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு இந்தப் பச்சைத் தொந்தரவு ஓயாது. கோமியத்தின் ஆவி செம்பையும் பித்தளையையும் அரிக்கும். பொட்டாஷ் உப்பு இரும்பை அரிக்கும். பழைய வண்டிகளில் மேக்னட்டுக்குள் பிளாட்டினம் பாயிண்ட் இருக்கும். அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் பொறி சோரும். அதைத் துடைத்து இடைவெளி வைப்பது பழகிய கைக்கு எளிது. பழகாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பிளக் முழுக நனைந்து பெட்ரோல் சொட்டினால் டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகிப் பிடித்துக்கொண்டு, பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து முறை உதையுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கட்டும். அதிகப்படி பெட்ரோல் வெளியேறியபின் உலர்ந்த பிளக்கை மாட்டினால் கிளம்பிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பிளக்கையும் மாதம் ஒரு முறை பாருங்கள். முனை காப்பித் தூள் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. கன்னங்கரேலென்று பிசுபிசுத்திருந்தால் ஆயிலோ பெட்ரோலோ கூடுதல், அல்லது ஏர் பில்டர் அடைப்பு. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அதுதான் ஆபத்து. பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பொருள். கறுத்த பிளக் வண்டியை நிறுத்தும். வெளுத்த பிளக் பிஸ்டனைத் தின்னும்.

கார்புரேட்டர்

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். கார்புரேட்டரில் மாட்டியுள்ள ரப்பர் குழாயை உருவி ஒரு புட்டிக்குள் விட்டு டேப்பைத் திறவுங்கள். பெட்ரோல் தாராளமாக ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு டாங்கியிலோ டேப் வடிகட்டியிலோ இருக்கிறது. கார்புரேட்டரைத் திறக்கத் தேவையில்லை. தாராளமாக வந்தால்தான் கார்புரேட்டரின் முறை.

அதன் அடியிலுள்ள கிண்ணத்தில் மிதவை ஒன்று இருக்கிறது. கிராமத்து மேல்நிலைத் தொட்டியில் பந்து வால்வு செய்யும் வேலையையே அது செய்கிறது. பெட்ரோல் அளவுக்கு வந்ததும் மிதவை மேலெழும்பி ஊசியால் வழியை அடைக்கிறது. ஊசியின் முனையில் தூசி உட்கார்ந்தாலோ, மிதவை பொத்துப்போய் உள்ளே பெட்ரோல் புகுந்தாலோ வழி மூடாது. கார்புரேட்டர் வழிந்துகொண்டே இருக்கும். காலையில் வண்டிக்கடியில் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் இதுதான் காரணம். மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே பெட்ரோல் இருப்பது கேட்கும்.

கிண்ணத்துப் பெட்ரோலை மெயின் ஜெட் என்னும் சிறு பித்தளைத் துவாரம் அளந்து கொடுக்கிறது. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கொடுக்கச் சில கார்புரேட்டர்களில் இன்னும் நுண்ணிய வேறொரு துவாரமும் உண்டு. எது அடைத்திருக்கிறது என்று கழற்றாமலே சொல்லிவிடலாம். வண்டி கிளம்புகிறது, வேகமாக ஓடுகிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் மட்டும் அணைகிறதென்றால் சிறு துவாரம் அடைத்திருக்கிறது. நின்றபடி ஒழுங்காக ஓடுகிறது, திருகினால் இருமிக்கொண்டு அணைகிறதென்றால் மெயின் ஜெட் அடைத்திருக்கிறது. சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறதென்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது வேறு எங்கேயோ காற்று உள்ளே புகுகிறது. கார்புரேட்டரும் சிலிண்டரும் சேரும் இடத்தில் பேக்கிங் கிழிந்திருக்கலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அந்த இணைப்பில் சோப்பு நீரைத் தடவுங்கள். நீரை உள்ளே இழுத்து ஓட்டத்தின் சத்தம் மாறினால் காற்று புகும் இடம் அதுவே.

கார்புரேட்டரைக் கழற்றும்போது அகலமான எவர்சில்வர் தட்டு ஒன்றை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் திருகு ஒன்று மண்ணில் விழுந்தால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போய்விடும். பாகங்களைச் சுத்தமான பெட்ரோலில் கழுவி, ஜெட்டின் துவாரங்களைச் சைக்கிள் பம்பால் ஊதுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துவாரம் வட்டமாகத் தெரிய வேண்டும். ஊக்காலும் கம்பியாலும் குத்தவே கூடாது. பித்தளை மெத்தென்றது. துவாரம் ஒரு மயிரிழை பெருத்தாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். அதற்குப் பிறகு எந்த மெக்கானிக்காலும் அந்த ஜெட்டைச் சரி செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அடைப்பு பிடிவாதமாக இருந்தால் ஓர் இரவு பெட்ரோலில் ஊறவையுங்கள், அல்லது நைலான் பிரஷ்ஷின் ஓர் இழையை நுழையுங்கள்.

காற்றுத் திருகு உள்ள கார்புரேட்டரில், மாட்டிய பிறகு அதை முழுதும் உள்ளே திருகி, அழுத்தாமல், ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து எஞ்சின் சூடானபின் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் எங்கே சீராகிறதோ அங்கே விட்டுவிடுங்கள்.

ஏர் பில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் இழுவை கூடும் என்று ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. களத்துப் புழுதியும் நெல் தூசியும் நேரே சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் வளையங்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத் தேயும். கதிரடிக்கும் நாட்களில் வாரம் ஒரு முறை பில்டரைக் கழற்றித் தட்டுங்கள். ஸ்பாஞ்ச் வகையானால் சோப்பு நீரில் அலசி, முழுதும் காயவைத்து, சில துளி ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள்.

இப்போதைய பெட்ரோலும் பழைய வண்டியும்

கரும்பிலிருந்தும் அரிசி, மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலில் சேர்க்கும் அளவு 2022இல் நூற்றுக்குப் பத்தை எட்டியது. நூற்றுக்கு இருபது சேர்த்த ஈ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. கரும்பு விவசாயிக்கு இதில் ஒரு லாபம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே விவசாயியின் வாசலில் நிற்கும் பழைய மொபெட் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆகவே சில விஷயங்களை அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனாலுக்குள்ளேயே பிராணவாயு இருக்கிறது. ஆகவே அதே ஜெட், அதே துவாரம் வழியே வந்தாலும் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்து காற்று கூடியது போலாகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டி இதை உணர்ந்து தானே அளவைச் சரிக்கட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. முன்னைவிட எஞ்சின் சூடாகிறது, பிளக் வெளுக்கிறது என்றால் கார்புரேட்டரின் சிலைடு ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்புரேட்டர்களில் அந்த ஊசியின் தலையில் சில பள்ளங்கள் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கி மாட்டினால் ஊசி சற்று உயர்ந்து பெட்ரோல் கொஞ்சம் கூடும். ஒரு பள்ளம் போதும். பிறகு பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆதலால் மைலேஜ் சற்றுக் குறைவதைக் கோளாறு என்று எண்ணி எதையும் திருக வேண்டாம்.

எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் பேக்கிங்கையும் இளக்கும், அல்லது விறைக்கவைக்கும். குழாயைக் கையால் மடக்கிப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்; பெட்ரோல் கசிவு தீ விபத்துக்கு வழி. டாங்கியின் சுவரில் ஆண்டுக்கணக்காகப் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கீழே கொண்டுவரும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பழைய வண்டியில் ஜெட் அடிக்கடி அடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் பெரிய பகை. எத்தனால் காற்றின் ஈரத்தையே உறிஞ்சும். மழைநீர் மூடி வழியே இறங்கினால் கேட்கவே வேண்டாம். ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்றாகிப் பிரிந்து டாங்கியின் அடியில் தங்கிவிடும். டேப் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே! அந்த அடி நீரில் ஆயில் கரைந்திராது. எஞ்சின் ஓடினாலும் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஓடும். சந்தேகம் வந்தால் டேப்பிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் டாங்கி முழுவதையும் வடித்துவிட வேண்டும். மேலடுக்கை மட்டும் இறுத்து ஊற்றிச் சிக்கனம் செய்ய வேண்டாம். பத்து நாளைக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள், கார்புரேட்டர் காலியாகிவிடும். பருவம் முடிந்து பரணில் ஏறும் பவர் ஸ்பிரேயருக்கு இது மிக அவசியம். அடுத்த பருவத்தில் பூச்சி விழுந்த பிறகு ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடி ஓடுவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டதால்தான்.

ஆயில் கலப்பது

எக்ஸ்.எல். வண்டிகளுக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் என்பது வழக்கத்தில் உள்ள அளவு. மிகப் பழைய வண்டிகளுக்கும் ஸ்பிரேயர்களுக்கும் இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். கையேட்டிலோ டாங்கியின் மேலோ எழுதியிருப்பதே முடிவு. டாங்கிக்குள் ஆயிலை நேரே ஊற்றிவிட்டுக் கிளம்பினால் அது கனத்தில் அடிக்குப் போய் ஜெட்டை அடைக்கும். தனிக் கேனில் பாதிப் பெட்ரோலுடன் ஆயிலைக் கலந்து குலுக்கி, மீதிப் பெட்ரோலையும் சேர்த்து மறுபடி குலுக்கி ஊற்றுவதே சரி. பங்க்கில் நேரே போடுவதானால் ஆயிலை முதலில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோல் விழச் செய்து, வண்டியைச் சற்று ஆட்டிவிடுங்கள். டிராக்டர் ஆயில், பம்புசெட் டீசல் எஞ்சின் ஆயில் இவை ஆகா. அவை எரிவதற்குச் செய்யப்பட்டவையல்ல, கரியை அப்பிவிடும்.

கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, பிளக் அடைக்கிறது, சைலன்சரில் கரி கட்டுகிறது.

மூச்சு முட்டும் வண்டி

கிளம்புகிறது, அணையவில்லை, ஆனால் மேடேற மறுக்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றைக்கூட இழுக்கத் திணறுகிறது. பிளக், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று. இந்த நிலையில் சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்து எரிவதால் புகை போகும் வழியில் கரி படிந்துகொண்டே வரும். ரூபாய் நாணயம் அளவு துவாரம் சுண்டு விரல் நுழையாதபடி சுருங்கிவிடுவதுண்டு. புகை வெளியே போகாவிட்டால் புதுக் கலவை எப்படி உள்ளே வரும்?

சிலிண்டரின் புகை வாயைச் சுரண்டும்போது பிஸ்டன் அந்த வாயை மூடியிருக்கும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். மூங்கில் பத்தை அல்லது கூரில்லாத மரத்துண்டுதான் ஏற்றது. திருப்புளியால் சுரண்டினால் அலுமினிய பிஸ்டனில் கீறல் விழும். உதிர்ந்த கரியை ஊதி வெளியேற்றிவிட வேண்டும். சைலன்சரின் உள் குழாயைக் கழற்ற முடிந்தால் அதைத் தனியே கரி நீக்கிக்கொள்ளலாம். காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தாலும் இரும்புச் சைலன்சரில் கரி இளகிவிடும். கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்தில் வைக்க வேண்டும். அலுமினியத்தில் செய்த சிலிண்டர் ஹெட்டைக் காஸ்டிக்கில் போட்டால் அரித்துவிடும். அந்தத் தவறைச் செய்துவிடாதீர்கள்.

சூடானால் நிற்கும் வண்டி

காலையில் ஒரே உதையில் கிளம்பி, பத்து கிலோமீட்டர் போனதும் நின்று, ஆறினபின் மறுபடி கிளம்பும் வண்டிகள் மெக்கானிக்குகளையே குழப்பும். நின்ற இடத்திலேயே மூன்று காரியம் செய்தால் குழப்பம் தீரும். முதலில் டாங்கி மூடியைத் திறந்து உதையுங்கள். கிளம்பினால் காற்றுத் துவாரம். கிளம்பாவிட்டால் சூடு ஆறுமுன்பே துணியால் பிடித்துப் பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். பொறி இல்லையென்றால் காயிலோ மின்னணுப் பெட்டியோ சூட்டில் சோர்கிறது. வீட்டுக்கு வந்து ஆறினபின் சோதித்தால் நன்றாகவே காட்டும், ஏமாந்துவிடக் கூடாது. பொறியும் நன்றாக இருந்தால் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். காலையில் இருந்த எதிர்ப்பு இப்போது இல்லாமல் லேசாக இறங்கினால் வளையமும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. போர் செய்து அடுத்த அளவு பிஸ்டன் போடும் காலம் வந்துவிட்டது.

கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல் விறைத்து வெடித்துவிட்டால் அந்த வழியே காற்று புகும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாகக் கத்திக்கொண்டு ஓடுவதும், பிளக் வெளுப்பதும் இதன் குறி. இந்த நிலையில் சுமை ஏற்றி ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்வது நிச்சயம். சீலின் விலை சொற்பம். பிஸ்டனும் போரும் அப்படியல்ல.

ஓடும்போது திடீரென்று இழுவை குறைந்து எஞ்சின் சத்தம் கரகரத்தால் அது பிடிக்கப் போகும் அறிகுறி. ஆக்ஸிலேட்டரை உடனே விட்டு ஓரங்கட்டுங்கள். நீர் ஊற்றிக் குளிரவைக்கக் கூடாது, சிலிண்டர் வெடித்துவிடும். நிழலில் அரை மணி விட்டு, பிளக்கைக் கழற்றிச் சில துளி டூ-டி ஆயிலைத் துவாரத்தில் விட்டு, கிக்கர் தடையின்றி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் சுமையை இறக்கிவிட்டு மெதுவாக வீடு வந்து சேரலாம். இறங்காவிட்டால் வலுக்கட்டாயமாக உதைக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் போக நேர்ந்தால் “வண்டி ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாமல், பிளக் ஈரமாக இருந்ததா, உலர்ந்திருந்ததா, எந்த நிறம், பொறி எப்படி, சூடாக நின்றதா, குளிர்ந்து நின்றதா, கடைசியாகப் பெட்ரோல் போட்டது எப்போது, ஆயில் எவ்வளவு என்று சொல்லுங்கள். அவரும் தேவையில்லாத இடத்தைப் பிரிக்க மாட்டார். உங்களுக்கும் தேவையில்லாத சாமானுக்குப் பில் வராது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்திருந்தால் பெரிய செலவு செய்யுமுன் பதிவுச் சான்று புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பித்தாக வேண்டும். பிளக் ஸ்பானர், திருப்புளி, ஹாக்ஸா பிளேடுத் துண்டு ஒன்று, சுத்தமான துணி, துடைத்துக் காகிதத்தில் சுற்றிய உபரி பிளக் ஒன்று ஆகியவற்றை ஒரு சிறு பையில் போட்டு சீட்டுக்கு அடியிலோ முன் கூடையிலோ எப்போதும் வைத்திருங்கள்.